மிளகாய்க்காட்டில் நின்ற தண்ணீர்

ராமநாதபுரத்துக்காரர்களுக்குக் குளிர் என்றால் என்ன தெரியும் என்று மதுரையில் நடந்த பயிற்சி வகுப்பில் ஒரு டாக்டர் சிரித்தார். அவர் கொடைக்கானல் பக்கத்துக்காரர். மார்கழியில் ஒரே ஒரு நாள், விடிகிற நேரத்தில், சாயல்குடியிலிருந்து மாரியூர் ரோட்டில் ஸ்கூட்டி ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து சிரிக்கட்டும் என்று மனதுக்குள் திட்டிக்கொண்டேன்.

எங்கள் பக்கத்துக் குளிர் பெரிய குளிர் இல்லைதான். ஆனால் அதற்கு நாங்கள் தயாராக இருப்பதே இல்லை. வீடுகள் வெயிலுக்காகக் கட்டியவை. கதவுக்கும் நிலைக்கும் நடுவில் விரல் நுழையும். கடல் ஈரத்தையும் சேர்த்துக்கொண்டு வாடைக்காற்று அந்த வழியாக உள்ளே வரும். ஸ்வெட்டர் வாங்குகிற பழக்கம் யாருக்கும் கிடையாது. பத்து நாள்தானே என்று சொல்லிக்கொண்டே வருஷா வருஷம் இரண்டு மாதம் நடுங்குவோம்.

நான் கால்நடை மருந்தகத்தில் உதவியாளர். மனிதர்களாவது போர்த்திக்கொள்வார்கள், ஆடு என்ன செய்யும்? மார்கழி பிறந்தால் சளி, இருமல், கழிச்சல். பனி காயும் முன்னால் புல்லில் விடாதீர்கள் என்று தொண்டை கிழியச் சொன்னாலும் விடுவார்கள். பிறகு கோழி கூவும் முன் எனக்குப் போன் வரும். அப்படி அதிகமாகப் போன் செய்கிற ஆள் சண்முகவள்ளி. என் பெரியம்மா மகள், என்னைவிட ஆறு வயது மூத்தவள். அக்கா என்பதால் போனை எடுக்காமலும் இருக்க முடியாது.

அவளுக்குச் சொந்தமாக ஒன்றேகால் ஏக்கர் மிளகாய்க்காடு, ஏழு ஆடு, ஆஸ்பெஸ்டாஸ் போட்ட ஒரு வீடு. மூன்றும் ஒரே இடத்தில், மாரியூர் ரோட்டை விட்டுக் கொஞ்சம் உள்ளே இருக்கின்றன. ரோட்டுக்குத் தெற்கே மணலும் பனையும், வடக்கே கரிசல். காற்று திரும்பினால் அவள் வாசலில் கடல் சத்தம் கேட்கும். ஆனால் குடிக்கத் தண்ணீர் வேண்டுமென்றால் தள்ளுவண்டியில் எட்டுக் குடத்தை அடுக்கிக்கொண்டு ஊருணிக்குப் போகவேண்டும். ஊருணி வற்றினால் லாரி வருகிற நேரம் பார்த்து ரோட்டோரம் வரிசையில் நிற்கவேண்டும்.

அவளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டுமென்றால் நான் இதைத்தான் சொல்வேன்: தண்ணீரை வீணாக்குகிறவர்களைக் கண்டால் அவளுக்கு ஆகாது. பாத்திரம் கழுவிய தண்ணீர் முருங்கைக்குப் போகும். அரிசி கழுவியது ஆட்டுக்கு. ஒரு தடவை என் வீட்டுக்கு வந்தபோது நான் குழாயைத் திறந்துவிட்டு முகத்துக்குச் சோப்புப் போட்டுக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து வந்து குழாயை மூடிவிட்டுப் போனாள். கண்ணெல்லாம் எரிச்சலோடு நான் குழாயைத் தேடிக்கொண்டிருந்தேன். அவளுக்குச் சிரிப்புக்கூட வரவில்லை. அவளைச் சொல்லிக் குற்றமில்லை, எங்கள் பக்கத்தில் பாதிப் பேர் அப்படித்தான், மீதிப் பேர் அப்படி நடிப்பவர்கள்.

பத்தொன்பது வயதில் கல்யாணம். புருஷன் மாரிச்செல்வம். அத்தான் சில வருஷம் காட்டைப் பார்த்தார். மூன்று வருஷம் வரிசையாக மழை ஏமாற்றியதும் புனாவுக்குப் போய்விட்டார். அங்கே ஒரு தமிழ் ஓட்டலில் பரோட்டா மாஸ்டர். பதினாலு வருஷம். ஊர்க் கோயில் பங்குனிப் பொங்கலுக்குப் பன்னிரண்டு நாள் லீவில் வருவார். வந்த மூன்றாம் நாளே போகிற தேதி பேச்சு ஆரம்பித்துவிடும். மகளை வளர்த்தது, காட்டில் விதைத்தது, ஆட்டுக்குப் பிரசவம் பார்த்தது, ஊருணிக் கரையில் சண்டை போட்டது எல்லாம் அக்கா தனியாகத்தான். மகள் இருக்கிற வரைக்கும் அது அவளுக்குப் பெரிதாகத் தெரியவில்லை. போன வைகாசியில் மகளைப் பரமக்குடியில் கட்டிக்கொடுத்தார்கள். அதற்குப் பிறகுதான் அவள் எனக்கு அடிக்கடி போன் செய்ய ஆரம்பித்தாள். ஆட்டுக்கு ஒன்றும் இல்லாதபோதும் ஆட்டைச் சாக்கு வைத்துக் கூப்பிடுவாள்.

ஒருநாள் வெளிப்படையாகவே சொன்னாள். "சோத்தைப் பொங்கி வச்சுட்டு யாருக்குப் பொங்கினேன்னு பாத்துக்கிட்டே இருக்கேன்டி. தனியா இருக்க ஏலலை."

வைத்தியத்துக்கென்று ஆடி மாதம் அத்தான் வந்தபோது அவரிடமும் இதைச் சொல்லியிருக்கிறாள். அவருக்கும் தோள்பட்டை தேய்ந்துபோயிருந்தது. ஒரு நாளைக்கு அறுநூறு பரோட்டா அடித்த கை, தூக்கினால் காதுக்கு மேலே போகாது. ஆனாலும் உடனே சரி என்று சொல்லவில்லை. ஒரு வெள்ளாமை பார்ப்போம் என்றார். இந்த வருஷ மிளகாய் நன்றாக வந்தால் இங்கேயே இருந்துவிடுவது, வராவிட்டால் திரும்பப் போவது. ஓட்டல்காரரும் தை மாதம் வரைக்கும் இடத்தை வைத்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டாராம். அக்கா இதை என்னிடம் சொன்னபோது அவள் முகத்தைப் பார்க்கவேண்டுமே. ஏதோ கலெக்டர் உத்தரவு வாங்கிவந்தவள்போல இருந்தாள். எனக்குக் கோபம்தான் வந்தது. பெண்டாட்டியோடு இருப்பதற்கு மிளகாய்ச்செடியிடம் அனுமதி கேட்கிற மனுஷனை என்னவென்று சொல்வது?

புரட்டாசியில் விதைத்தார்கள். முண்டு மிளகாய், அக்கா எடுத்துவைத்திருந்த சொந்த விதை. ஐப்பசி மழை சொல்லி வைத்ததுபோலப் பெய்தது. செடி எழும்பி நின்றது. இரண்டு களை எடுத்தார்கள். கார்த்திகை பாதியோடு மழை நின்றது, அதோடு வாடை ஆரம்பித்தது.

அந்த மார்கழிதான் அவர்கள் இரண்டு பேரையும் பிழிந்து எடுத்துவிட்டது. பதினாலு வருஷம் தோசைக்கல்லுக்கு முன்னால் நின்ற உடம்பு, அத்தானுக்குக் குளிர் ஆகவே ஆகாது. குல்லா, அதற்கு மேல் மப்ளர், அதற்கு மேல் துண்டு. மூக்கு மட்டும் வெளியே தெரியும். அடுப்படியில் சாக்கை விரித்து அடுப்போரமாகவே படுப்பார். ஆஸ்பெஸ்டாஸில் பனி இறங்கி விடிகாலையில் சொட்டும், சொட்டுக்குத் தப்பித் தப்பிச் சுருண்டுகொள்வார். குட்டி ஆடுகள் மூன்றையும் அக்கா உள்ளே கொண்டுவந்து கட்டியிருந்தாள். அவையும் அதே அடுப்பைத் தேடித்தான் வரும். நான் ஒருநாள் ஊசி போடப் போனபோது அத்தானும் மூன்று குட்டிகளும் ஒரே சாக்கில் கிடந்தார்கள். யாருக்கு முதலில் ஊசி என்று கேட்டேன். அவர் போர்வைக்குள்ளிருந்து கையை மட்டும் வெளியே நீட்டினார். அக்கா சிரித்த சிரிப்பில் அடுப்பிலிருந்த பால் பொங்கி வழிந்தது. அதற்குத்தான் அவள் ஏங்கியிருந்தாள், அந்தச் சிரிப்புக்கு.

மார்கழி பத்துக்கு மேல் செடி வாட ஆரம்பித்தது. பூ எடுக்கிற நேரம், கீழே ஈரமில்லை. காட்டின் மேற்கு மூலையில் அரசாங்கத் திட்டத்தில் வெட்டிய பண்ணைக்குட்டையில் முழங்கால் தண்ணீர் கிடந்தது. மோட்டார் வைத்தால் ஒரே நாளில் சேறாகிவிடும். ஆகவே குடத்தில் மொண்டு செடி செடியாக ஊற்றுவது என்று அக்கா முடிவு செய்தாள். இது எங்கள் ஊரில் புதிதில்லை. வறட்சி வருஷங்களில் அவள் தனியாகவே செய்திருக்கிறாள்.

வெயில் ஏறுவதற்குள் ஊற்றிவிடவேண்டும். இருட்டு விலகியும் விலகாமலும் குட்டையில் இறங்குவார்கள். அந்த நேரத்துத் தண்ணீரில் காலை வைத்தால் எலும்புவரைக்கும் ஏறும். அவள் தலையில் ஒன்று, இடுப்பில் ஒன்று. அத்தானால் தலைக்குத் தூக்கமுடியாது, இரண்டு கையிலும் ஒவ்வொரு குடம். செடிக்கு ஒரு சொம்பு, அதற்கு மேல் கிடையாது. அவர் ஒரு சொம்பு நிறைய ஊற்றினால் அவள் முக்கால் போதும் என்பாள். பதினோரு நாள் இப்படி. பாதம் வெடித்து, விரல் இடுக்கில் சேற்றுப்புண் வந்து, அத்தானுக்கு இருமல் நெஞ்சோடு தங்கிவிட்டது. மத்தியானம் போனால் இரண்டு பேரும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருப்பார்கள். தட்டில் சோறு பாதி இருக்கும். ஆடுகளுக்குத் தழை போட ஆளில்லாமல் நானே இரண்டு தடவை வேலிக்கருவேல் நெற்றைப் பொறுக்கிப் போட்டுவிட்டு வந்தேன்.

ஆனால் பூ நின்றது. பொங்கலுக்குள் செடிக்குச் செடி பிஞ்சு தொங்கியது. மாசியில் முதல் பழம் பறிக்கலாம். பொங்கலன்று அத்தான் குல்லாவைக் கழற்றிவிட்டுக் காட்டைச் சுற்றி வந்தார். ஓட்டல்காரருக்கு அடுத்த வாரம் போன் செய்து வேறு ஆள் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிடப் போவதாக அக்காவிடம் சொன்னாராம். அதை எனக்குச் சொல்ல அவள் போன் செய்தபோது ஆட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

தை ஆறாம் தேதி மழை வந்தது. தையில் மழை எங்களுக்கு வழக்கமில்லை. வந்தாலும் மண்ணை நனைத்துவிட்டுப் போகும். இது அப்படி இல்லை. காலையில் பிடித்தது, சாயங்காலம் வரைக்கும் விடவில்லை. காற்றும் குளிரும் சேர்ந்து ஜன்னல் பலகை அடித்துக்கொண்டது. அக்காவுக்குக் கொண்டாட்டம். வீட்டிலிருந்த குடம், வாளி, அண்டா, சோற்றுப்பானை வரைக்கும் கூரைக்குக் கீழே வைத்துப் பிடித்தாள். போட்டோ அனுப்பினாள், வரிசையாக நிரம்பிய பாத்திரங்கள் மட்டும்.

மறுநாளும் மழை. குட்டி ஒன்றுக்குக் கழிச்சல் என்று மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு போனேன். மிளகாய்க்காட்டைப் பார்த்ததும் வண்டியை நிறுத்தினேன். கணுக்காலுக்கு மேல் தண்ணீர், வரப்பிலிருந்து வரப்பு வரைக்கும். பச்சைச் செடி தலையெல்லாம் அதற்கு மேலே நிற்கிறது. நான் செய்த காரியத்தையும் சொல்லிவிடுகிறேன். போனை எடுத்துப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸ் வைத்தேன். மண்டபம் ஊரிலிருக்கிற என் சிநேகிதி சாலிஹாவிலிருந்து எங்கள் அலுவலகத்து வாட்ச்மேன் வரைக்கும் பார்த்துவிட்டு இதயம் போட்டார்கள். ஒருத்தராவது தண்ணீரை வடி என்று சொல்லவேண்டுமே. எங்களுக்கு நிற்கிற தண்ணீரைப் பார்த்தால் புத்தி வேலை செய்வதில்லை.

அக்கா வீட்டுக்குள் நான் குட்டிக்கு மருந்து கொடுத்துக்கொண்டிருக்கும்போதுதான் அந்தக் குரல் பதிவு வந்தது. வேளாண்மை அலுவலர் ஒருவர் பேசி எல்லாக் குழுக்களிலும் சுற்றிக்கொண்டிருந்தது. மிளகாய் ஒரு நாளைக்கு மேல் தண்ணீரில் நின்றால் வேர் மூச்சு விட முடியாமல் அழுகிவிடும், உடனே வரப்பைத் திறந்து வடித்துவிடுங்கள் என்றார். நான் சத்தமாகப் போட்டுக் காட்டினேன். அத்தான் இரண்டு தடவை கேட்டார். பிறகு மூலையிலிருந்த மம்பட்டியை எடுத்துக்கொண்டு மழையில் இறங்கினார். அக்கா பின்னாலேயே ஓடினாள். அவளுக்குப் பின்னால் நான்.

காட்டின் தாழ்வான மூலையில் வரப்பை ஒட்டி ஓடை போகிறது. அது மாரியூருக்குப் போய்க் கடலில் விழும். அத்தான் அந்த இடத்துக்குப் போவதற்குள் அக்கா முந்திக்கொண்டு வரப்பின்மேல் ஏறி நின்றாள். முந்தானை உடம்போடு ஒட்டிக்கொண்டு பல்லெல்லாம் குளிரில் அடித்துக்கொண்டிருந்தது.

"கடலுக்கா விடச் சொல்றீக?" என்றாள்.

குட்டைதான் நிரம்பிக் கிடக்கிறதே என்று நான் சொன்னேன். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை.

"பதினோரு நாளு குடம் தூக்கினோம்ல. செடிக்கு ஒரு சொம்புன்னு அளந்து ஊத்துனோம்ல. இன்னைக்குத் தன்னால வந்து நிக்கிறதை வெட்டிவிட்டுட்டு மாசியில வானத்தைப் பாத்துக்கிட்டு நிக்கவா? கரிசல் குடிச்சிரும். நாளைக்குள்ள குடிச்சிரும். எங்க காட்டை எனக்குத் தெரியாதா?"

அவள் சொன்னதில் ஒன்றும் பொய்யில்லை. அவள் பார்த்த எல்லா மழையையும் அந்தக் கரிசல் ஒரு நாளில் குடித்துத்தான் இருக்கிறது. இப்படி ஒரு மழையை அவள் பார்த்ததில்லை, அவ்வளவுதான். அத்தான் கொஞ்ச நேரம் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மம்பட்டியை அவள் கையில் கொடுத்தார்.

"காடு நீ பாத்தது. நீ சொல்றதுதான்" என்றார். இருமிக்கொண்டே வீட்டைப் பார்த்து நடந்தார்.

மூன்றாம் நாள் மத்தியானம் மழை விட்டது. தண்ணீர் வடிய இன்னும் இரண்டு நாள் ஆனது. பிறகு வெயில் வந்தது. நல்ல வெயில், எல்லோரும் ஈரப் போர்வைகளை வேலியில் காயப்போட்டார்கள். பன்னிரண்டாம் தேதி நான் அந்தப் பக்கம் போனபோது செடியெல்லாம் தலையைத் தொங்கப்போட்டிருந்தது. இலை சுருண்டு, பிஞ்சு வெளுத்து, சரியாக மார்கழியில் தண்ணீரில்லாமல் வாடியபோது எப்படி இருந்ததோ அப்படியே. வேர் செத்த செடிக்கும் தாகம் எடுத்த செடிக்கும் மேலே பார்க்க வித்தியாசம் கிடையாது.

அக்கா குடத்தோடு நின்றாள். தலையில் ஒன்று, இடுப்பில் ஒன்று. மேல்மண் வெயிலில் வெடித்திருந்தது. அதைப் பார்த்துவிட்டுக் குட்டையில் மொண்டு செடி செடியாக ஊற்றிக்கொண்டு வருகிறாள். செடிக்கு ஒரு சொம்பு. அத்தான் வரப்பில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவள் மூன்றாவது நடைக்குத் திரும்பும்போது எழுந்துபோய் ஒரு செடியைப் பிடித்து இழுத்தார். கஷ்டப்படாமல் வந்தது. வேர் காப்பிக்கொட்டை நிறத்தில் இருந்தது. விரலால் உருவினார், தோல் அப்படியே கழன்று வந்தது, நாறியது. அவளிடம் காட்டினார். அவள் குடத்தை இறக்கிவைத்தாள். கொட்டிவிடாமல் பார்த்து இறக்கினாள். பிறகு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

பத்தில் ஒரு செடி தப்பித்தது, கிழக்கு மேட்டில். அது வீட்டுச் செலவு மிளகாய்க்கு ஆகும்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் சண்டையும் இல்லை, பேச்சும் இல்லை. அத்தான் ஆட்டைப் பார்த்துக்கொண்டார், தண்ணீர் வண்டி தள்ளினார், செத்த செடிகளைப் பிடுங்கிக் குவித்தார். அவளை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. ஊரில் பாதிக் காடு இப்படித்தான் போனது, யாரும் வரப்பை வெட்டியிருக்கவில்லை. அதைச் சொன்னால் அக்காவுக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துச் சொன்னேன். அவளுக்கு ஏறவில்லை. ஊரார் வீட்டு ஆட்கள் மிளகாயை நம்பியா புனாவிலிருந்து வந்தார்கள் என்று கேட்டாள்.

ஓட்டல்காரரிடம் அத்தான் பேசிவிட்டார். இருபத்தாறாம் தேதி கிளம்புகிறார். இதைச் சொல்லும்போது அக்கா ஆட்டுக்குட்டியின் காலைப் பிடித்துக்கொண்டிருந்தாள், நான் ஊசி போட்டுக்கொண்டிருந்தேன். அவள் கண்ணுக்குக் கீழே கன்றிப்போயிருந்தது. வேரைப் பார்த்த நாளிலிருந்து கண் மூடவில்லை என்றாள். படுத்தால் தண்ணீர் சத்தம் கேட்கிறதாம்.

"அவரு ஒரு வார்த்தை திட்டலாம்லடி. திட்டினா நானும் திருப்பி நாலு பேசுவேன். ஒண்ணும் சொல்ல மாட்டேங்கிறாரு."

போகாதீர்கள் என்று சொல்லவேண்டியதுதானே என்று கேட்டேன். என் குரல் கொஞ்சம் ஓங்கியே இருந்திருக்கும், குட்டி உதறியது.

"எந்த வாயால சொல்ல? நான்தானடி அவரை அனுப்புறேன்."

எனக்கு அவள் மேலும் கோபம், அவர் மேலும் கோபம். மம்பட்டியைக் கொடுத்துவிட்டு நடந்து போனாரே, கொடுக்காமல் அவரே வெட்டியிருக்கலாம் இல்லையா? வீட்டுக்கு வந்து என் புருஷனிடம் அன்று முழுக்க எரிந்து விழுந்தேன். அவர் பாவம், மிளகாய் சாப்பிடுவதைத் தவிர அதற்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

இருபத்தாறாம் தேதி காலையில் அத்தான் பையோடு மினி பஸ்ஸில் சாயல்குடிக்கு வந்தார். அக்காவை நான் ஸ்கூட்டியில் கூட்டிவந்தேன். அங்கிருந்து மதுரை பஸ், மதுரையில் ரயில். பனி இன்னும் விலகவில்லை. பஸ் நிலையத்தில் எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு தோளைக் குறுக்கி நின்றார்கள். அத்தான் மூன்று டீ வாங்கிவந்தார். அக்கா டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள், குடிக்கவில்லை. மாத்திரையை எடுத்து வைத்தீர்களா, மப்ளர் பையில் இருக்கிறதா, இவ்வளவுதான் கேட்டாள். அவர் கழுத்திலிருந்ததைத் தொட்டுக் காட்டினார். அவள் அதைக்கூடப் பார்த்திருக்கவில்லை.

மதுரை பஸ் வந்து நின்றது. டிரைவர் இறங்கி டீக்கடைப் பக்கம் போனார். ஐந்து நிமிஷம் இருந்தது. அத்தான் பையை உள்ளே வைத்துவிட்டுத் திரும்ப இறங்கி வந்தார். அக்காவின் முன்னால் வந்து நின்றார். என்னைப் பார்த்தார், நான் விலகிப்போவேன் என்று நினைத்தாரோ என்னவோ. நான் விலகவில்லை.

"வள்ளி, ஒண்ணு சொல்லணும். அந்த மூணாம் நாளு விடியக்காலையில நீ ஆட்டுக்குத் தழை போடப் போனீல. மம்பட்டி வரப்பு மேலதான் கிடந்துச்சு. நான் போயி வெட்டுனேன்."

அக்கா நிமிர்ந்தாள்.

"ரெண்டு கொத்துதான். தண்ணி பிச்சுக்கிட்டுப் போச்சு. நுரையும் சத்தமுமா ஓடைக்கு ஓடுது. பாத்துக்கிட்டு நிக்க முடியலை. இம்புட்டுத் தண்ணிய நம்ம காட்டுல நான் பாத்ததே இல்லை. மண்ணை அள்ளிப் போட்டுத் திருப்பி அடைச்சுட்டேன். மம்பட்டியக் கழுவி இருந்த இடத்துலயே வச்சுட்டேன்."

டிரைவர் ஏறி உட்கார்ந்து ஹாரன் அடித்தார். அக்கா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஓங்கி ஒன்று வைத்துவிடுவாளோ என்றுகூட எனக்குத் தோன்றியது. வைத்திருந்தால் நான் தடுத்திருக்க மாட்டேன்.

"அன்னைக்கே இதைச் சொல்லியிருக்கலாம்ல" என்றாள். குரல் உயரவில்லை. "பதினாலு நாளா நான் ஒருத்தியாத்தான் அழிச்சேன்னு நெனைச்சுக்கிட்டுக் கிடந்தேன்."

"சொல்ல வெக்கமா இருந்துச்சு" என்றார் அத்தான். "வெட்டத் தெரிஞ்சும் வெட்டலைல. உன் தப்புன்னு நீ பேசாம இருந்த, அதுக்குள்ள நானும் ஒளிஞ்சுக்கிட்டேன்."

பஸ் நகர ஆரம்பித்துவிட்டது. கண்டக்டர் கத்தினார். அத்தான் ஓடிப்போய் ஏறினார், படியிலேயே நின்றார். புரட்டாசிக்கு முன்னால் வருகிறேன் என்று சொன்னதுபோல இருந்தது, இல்லை போய்ச் சேர்ந்து போன் செய்கிறேன் என்று சொன்னாரோ, சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை. அக்கா கையைத் தூக்கவில்லை. ஆனால் பஸ் முக்கைத் திரும்பும் வரைக்கும் பார்த்தாள். பிறகு ஆறிப்போன டீயை ஒரே மடக்கில் குடித்துவிட்டு, போகலாம் என்றாள்.

திரும்பும்போது வாடை முகத்தில் அடித்தது. பேச்சுக் கொடுத்துப் பார்த்தேன். அவரைத் திட்டினேன், அவளையும் திட்டினேன், அடுத்த வருஷம் மழை வந்தால் நானே வந்து வரப்பை வெட்டுகிறேன் என்று சொன்னேன். பின்னாலிருந்து பதிலில்லை. அழுகிறாளாக்கும் என்று நினைத்தேன். இரண்டு கிலோமீட்டர் போயிருப்போம். அவள் தலை என் முதுகில் கனமாகச் சாய்ந்தது, என் இடுப்பைப் பிடித்திருந்த கை தளர்ந்தது. திரும்பிப் பார்த்தேன், வாய் லேசாகத் திறந்திருக்க, தூங்கிவிட்டிருந்தாள்.

விழுந்துவிடுவாளே என்று வண்டியை ஓரமாக நிறுத்தினேன். ஒரு கையைப் பின்னால் கொண்டுபோய் அவளைப் பிடித்துக்கொண்டேன். போன் அடித்தது, யாருடைய ஆட்டுக்கோ உடம்பு சரியில்லாமல் இருக்கும். எடுக்கவில்லை. இரண்டு காலையும் தரையில் ஊன்றிக்கொண்டு, அவள் தானாக விழிக்கும் வரைக்கும் அந்தக் குளிரில் நின்றேன்.